ராத்திரியில் தானாக அணையும் டைவர்சிட்டி அலாரம்: த்ரெஷோல்டை ஏற்றிவிடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலையோரம் ஒரு 900 மெகாஹெர்ட்ஸ் ஜிஎஸ்எம் சைட். அதே டவரில், அதே ஃபீடர் (ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்) வழியாக 1800-இல் 4ஜியும் ஓடுகிறது. ஒரு செக்டாரில் (டவரின் ஒரு திசைப் பகுதியில்) மட்டும், இரண்டு ரிசீவ் பிராஞ்சுக்கும் (டைவர்சிட்டிக்காக ஒரே போனைக் கேட்கும் இரண்டு ஆன்டெனாப் பாதைகள்) இடையே சிக்னல் வித்தியாசம் எல்லை தாண்டிவிட்டது என்று தினமும் காலையில் அலாரம் வருகிறது, நள்ளிரவுக்கு அப்புறம் தானாகப் போய்விடுகிறது. வி.எஸ்.டபிள்யூ.ஆர், அதாவது அனுப்பிய பவரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு (1 என்றால் எதுவும் திரும்பவில்லை), 1.3 காட்டுகிறது. டவர் ஏறியவர் “எல்லாம் டைட்டாத்தான் இருக்கு” என்கிறார். உங்கள் மேலதிகாரி த்ரெஷோல்டை, அதாவது அலாரம் எழும் எல்லையை, 10 டிபியிலிருந்து (டெசிபல்) 20-க்கு ஏற்றி அலாரத்தை முடிக்கச் சொல்கிறார். எந்த எண் சரி என்பது உங்கள் கேள்வி. நான் பார்த்தவரை இதில் கேட்கவேண்டியது வேறு: இந்த அலாரம் எதை அளக்கிறது, எதை அளக்கவே முடியாது? அது தெரிந்தால் எண் தானாக வரும். அவசரத்துக்கு ஒரே வரியில் வேண்டுமானால், 20 வைக்காதீர்கள். உங்கள் மாதிரி சைட்டில் 20 வைப்பதும் கண்காணிப்பை ஆஃப் செய்வதும் ஒன்றுதான். காரணம் கீழே வருகிறது.

டிரான்ஸ்மிட் பக்கத்தைக் கண்காணிப்பது சுலபம். நாமே பவர் அனுப்புகிறோம், திரும்பி வருவதை அளக்கிறோம், விகிதம் கிடைத்துவிடுகிறது. ரிசீவ் பக்கத்தில் நம் கையில் எதுவும் இல்லை. யாராவது போனில் பேசினால்தான் சிக்னல் வரும். அது எவ்வளவு வரவேண்டும் என்பது பேஸ் ஸ்டேஷனுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே அளவுகோல் பக்கத்து பிராஞ்ச். ஒரே போனின் சிக்னலை இரண்டு பிராஞ்சும் கேட்கின்றன. நீண்ட நேரச் சராசரியில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஏதோ கோளாறு. நோக்கியாவின் ஆர்.எக்ஸ்.டி.எல் எல்லை, எரிக்சனின் ஆர்எக்ஸ் பாத் இம்பேலன்ஸ், ஹுவாவேயின் அன்பேலன்ஸ்டு அலாரம் என்று பெயரும் கணக்குப் போடும் விதமும் மாறினாலும், அடியில் இருப்பது இந்த ஒப்பீடுதான். ஆன்டெனாவை நேரடியாக இது பார்ப்பதில்லை. இரண்டு பிராஞ்சும் ஒரே அளவு கெட்டுப்போனால் அலாரம் வரவே வராது. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

“வி.எஸ்.டபிள்யூ.ஆர் 1.3 இருக்கிறதே, அப்புறம் எப்படி ஆன்டெனா கெடும்” என்று உங்களிடம் கேட்பார்கள். அந்த 1.3-ஐ நம்புவதற்கு முன் சில விஷயம். முதலாவது, அந்த அளவு டிரான்ஸ்மிட் அலைவரிசையில், அதாவது 935 முதல் 960 வரை எடுத்தது. நம் பிரச்சினை ரிசீவ் அலைவரிசையில், 890 முதல் 915 வரை. நடுவில் ஃபில்டரோ டவர் மேல் ஆம்ப்ளிஃபயரோ இருந்தால் ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் செத்தும் இருக்கலாம். அனுப்புவதையும் வாங்குவதையும் பிரிக்கும் டூப்ளெக்ஸருக்குப் பின்னால் இருக்கும் லோ நாய்ஸ் ஆம்ப்ளிஃபயர், ஸ்ப்ளிட்டர், உள் கேபிள் இவற்றில் கோளாறு என்றால் வி.எஸ்.டபிள்யூ.ஆருக்கு அது தெரியவே தெரியாது. இரண்டாவது, அளவு எந்தப் போர்ட்டில் எடுத்தது? செல்லின் அறிவிப்புகளை ஒலிபரப்பும் பிசிசிஎச் கேரியர் எப்போதும் முழு பவரில் அனுப்பிக்கொண்டே இருக்கும். இன்னொரு போர்ட்டில் இருக்கும் டிஆர்எக்ஸ் (அனுப்பி வாங்கும் யூனிட்) அழைப்பு இருந்தால்தான் அனுப்பும், அதுவும் பவர் கண்ட்ரோலில் குறைத்து. அங்கே எடுத்த அளவை அவ்வளவாக நம்பவேண்டாம்.

மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஃபீடர் இழப்பு வி.எஸ்.டபிள்யூ.ஆரை அழகாக்கிக் காட்டும். 7/8 அங்குல ஃபீடர் 900-இல் 100 மீட்டருக்குச் சுமார் 4 டிபி தின்னும். 60 மீட்டர் ஃபீடர், மேலும் கீழும் ஜம்பர் (சிறு இணைப்புக் கேபிள்), கனெக்டர் எல்லாம் சேர்த்து 3 டிபி என்று வையுங்கள். மேலே ஆன்டெனாவையே கழற்றி ஃபீடரைத் திறந்து விட்டால்கூட, போகும்போது 3, வரும்போது 3, ஆக 6 டிபி ரிட்டர்ன் லாஸ், அதாவது அனுப்பியதைவிடத் திரும்பியது 6 டிபி குறைவு. கீழே தெரிவது வி.எஸ்.டபிள்யூ.ஆர் 3.0 மட்டுமே. உங்கள் 1.3 என்பது கீழே 17.7 டிபி ரிட்டர்ன் லாஸ். அதே கணக்கில் மேலே அது 11.7, அதாவது 1.7 வரை இருக்கலாம். ஃபீடருக்குள் தண்ணீர் இறங்கி இழப்பு கூடினால் பிரதிபலிப்பு இன்னும் அமுங்கி, அளவு இன்னும் நன்றாகக்கூடத் தெரியும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு “வி.எஸ்.டபிள்யூ.ஆர் நார்மல், ஆனால் கம்ப்ளெயின்ட் குறையவில்லை” என்று வரும் சைட்டுகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

சரி, எண்ணுக்கு வருவோம். ஒரு பர்ஸ்ட்டை (போன் ஒருமுறை அனுப்பும் சிறு துணுக்கு) மட்டும் எடுத்து இரண்டு பிராஞ்சையும் ஒப்பிட்டால் ஒன்றும் தெரியாது. நேர்க்கோட்டுப் பார்வை இல்லாத, இரண்டு பிராஞ்சும் தனித்தனியாக ஏறி இறங்குகிற சூழலில், ஆன்டெனா இரண்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் வித்தியாசம் 10 டிபியைத் தாண்டுவதற்கான வாய்ப்பு 11-இல் 2, அதாவது 18 சதவீதம். அந்த வித்தியாசத்தின் திட்ட விலக்கம் ஏறக்குறைய 7.9 டிபி. நூறு தனித்தனி மாதிரிகளின் சராசரி எடுத்தால் அது 0.8-க்கு இறங்குகிறது. ஆகவே த்ரெஷோல்டைவிட முக்கியம், எத்தனை மாதிரி சேர்ந்த பிறகு முடிவெடுக்கிறது என்பது. ஜிஎஸ்எம்மில் அழைப்பின்போது 480 மில்லிசெகண்டுக்கு ஒரு அளவீட்டு அறிக்கை. ஒரு நிமிடப் பேச்சுக்கு 125 வரும். நிறைய மாதிரி கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் அந்த ஆள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசினால் 125-ம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். நம் ஊர்ப்பக்கம் வயல்களில் சிம் போட்ட மோட்டார் ஸ்டார்ட்டர்கள் நிறைய இருக்கின்றன. நகராத கருவி, ஒரே திசை, ஒரே பிரதிபலிப்பு. டிராஃபிக் குறைவான செக்டாரில் அப்படி நாலைந்து கருவிகள் இருந்தாலே சராசரியை ஒரு பக்கம் இழுத்துவிடும். எனவே சராசரி நேரத்தை நிமிடக்கணக்கில் வைக்காமல் மணிக்கணக்கில் வையுங்கள். பதினைந்து நிமிடச் சராசரியில் கிராமப்புற சைட்டைக் கண்காணித்தால் அலாரம் வந்து வந்து போகும், கடைசியில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

த்ரெஷோல்டுக்குக் கீழ் எல்லை ஒன்று, மேல் எல்லை ஒன்று உண்டு. கீழ் எல்லை எல்லோருக்கும் தெரியும்: ஜம்பர் நீள வேறுபாடு, மாஸ்ட் மறைப்பு, போலரைசேஷன் இதெல்லாம் சேர்ந்து நல்ல சைட்டிலேயே 3, 4 டிபி வித்தியாசம் நிரந்தரமாக இருக்கும். 6-க்குக் கீழே வைத்தால் தொல்லைதான். மேல் எல்லையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ரிசீவர் தன் இரைச்சலுக்குக் கீழே எதையும் படிக்கமுடியாது. 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் வெப்ப இரைச்சல் -121 டிபிஎம். ரிசீவரின் சொந்த இரைச்சல் 2, 3 டிபி சேர்த்தால் தரைமட்டம் சுமார் -118. நெடுஞ்சாலை சைட்டில் பெரும்பாலான போன்கள் தூரத்திலிருந்து முழு பவரில் பேசும். நல்ல பிராஞ்சில் சராசரி -103 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பிராஞ்சின் ஃபீடரை வெட்டியே எறிந்தாலும் அது -118-க்குக் கீழே போகாது. அதிகபட்ச வித்தியாசம் 15. அங்கே 20 வைத்தால் ஆன்டெனா தரையில் விழுந்தாலும் அலாரம் வராது. நீங்கள் பார்க்கும் கவுண்டர் ரெக்ஸ்லெவ் (ஜிஎஸ்எம்மின் சிக்னல் அளவு) அளவுகோலில் இருந்தால் இன்னும் மோசம்; அது -110-உடன் நின்றுவிடும், அதனால் தெரியக்கூடியது வெறும் 7 டிபி. ஊருக்கு நடுவே சராசரி -80 வரும் செக்டாரில் இந்தத் தடை இல்லை. அங்கே 12 தாராளமாக வைக்கலாம். ஒரே எண்ணை மாநிலம் முழுக்க ஸ்கிரிப்ட் போட்டு ஏற்றும் பழக்கம் ஏன் எனக்குப் பிடிப்பதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

இப்போது ராத்திரி விஷயம். இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. இரண்டுமே நீங்கள் சொன்னதோடு அப்படியே பொருந்துகின்றன. அதனால்தான் எண்ணை மாற்றாதீர்கள் என்கிறேன்.

முதல் விளக்கம், ஒரு பிராஞ்ச் உண்மையிலேயே பலவீனமாகிவிட்டது. பகலில் அழைப்புகள் இருப்பதால் வித்தியாசம் தெரிகிறது. நள்ளிரவுக்கு மேல் அழைப்பு இல்லை, இரண்டு பிராஞ்சும் வெறும் இரைச்சலைத்தான் படிக்கின்றன, வெட்டுப்பட்ட ஃபீடரின் இரைச்சலும் நல்ல ஃபீடரின் இரைச்சலும் ஏறக்குறைய ஒன்றுதான், வித்தியாசம் பூஜ்யத்துக்கு வருகிறது, அலாரம் அணைகிறது. ஆன்டெனா ராத்திரியில் குணமாகவில்லை. பேச்சு இடைவெளியில் போன் அனுப்பாமல் இருக்கும் டிடிஎக்ஸும் இதே வேலையைச் செய்யும்: அமைதியான பர்ஸ்ட்டுகளையும் சராசரியில் சேர்த்தால் வித்தியாசம் நீர்த்துப்போகும். ஒழுங்காக வடிவமைத்த கண்காணிப்பு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்கும் பர்ஸ்ட்டுகளை மட்டும் எண்ணும், போதுமான மாதிரி இல்லாவிட்டால் பழைய நிலையையே வைத்திருக்கும். உங்களுடையது அணைகிறது என்றால், குறைந்தபட்ச மாதிரி எண்ணிக்கையோ குறைந்தபட்ச சிக்னல் அளவோ உங்கள் பதிப்பில் மாற்றக்கூடியதா என்று பாருங்கள். த்ரெஷோல்டைத் தொடுவதற்கு முன்னால் தொடவேண்டியது அதைத்தான்.

இரண்டாவது விளக்கம் தலைகீழ். அலாரம் குறைவாகப் படிக்கும் பிராஞ்சைக் குற்றவாளியாகக் காட்டும். ஆனால் வித்தியாசம் என்பது ஒன்று குறைந்தாலும் வரும், மற்றொன்று தேவையில்லாமல் ஏறினாலும் வரும். நீங்கள் 1800 4ஜியும் அதே ஃபீடரில் ஓடுகிறது என்றீர்கள். 1800-இன் டவுன்லிங்க் (டவரிலிருந்து போனுக்கு) 1805 முதல் 1880 வரை. அதிலிருந்து 900-இன் டவுன்லிங்கைக் கழித்துப் பாருங்கள். 1850-இல் 945 போனால் 905. நேராக உங்கள் அப்லிங்கில் (போனிலிருந்து டவருக்கு) விழுகிறது. துருப்பிடித்த கனெக்டரோ, தளர்ந்த ஜம்பரோ, இரண்டு பேண்டையும் ஒரே ஃபீடரில் சேர்க்கும் டைப்ளெக்சரின் உள்ளே ஒரு மோசமான இணைப்போ இருந்தால் இந்தக் கலப்புச் சிக்னல் பிறக்கும். இதைத்தான் பிம் என்கிறார்கள். பகலிலும் மாலையிலும் 4ஜி லோடு ஏறும், கலப்பும் ஏறும், அந்த ஒரு பிராஞ்சின் இரைச்சல் மட்டும் உயரும். நள்ளிரவுக்கு மேல் லோடு இறங்க, அலாரமும் போய்விடும். வி.எஸ்.டபிள்யூ.ஆர் இதைக் காட்டவே காட்டாது. பிம் கனெக்டர் கையில் பிடித்தால் டைட்டாகத்தான் இருக்கும். 900-இன் சொந்தக் கேரியர்களால் மட்டும் இது வருமா என்றால், சாதாரணமாக வராது. மூன்றாம் வரிசைக் கலப்பு (ஒரு கேரியரின் இருமடங்கிலிருந்து மற்றதைக் கழித்தது) 915-க்குள் விழ, இரண்டு கேரியர்களுக்கு இடையே குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி வேண்டும். ஒரு ஆபரேட்டரின் கையில் அவ்வளவு அகலம் 900-இல் இருப்பதில்லை. பல ஆபரேட்டர்கள் ஒரே ஆன்டெனாவைப் பகிர்ந்தால் கதை வேறு.

இரண்டையும் பிரித்தறிவது கஷ்டமில்லை. காலியாக இருக்கும் டைம்ஸ்லாட்டுகளில் பேஸ் ஸ்டேஷன் இரைச்சலை அளந்து ஐந்து பேண்டுகளாகப் பிரித்து அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. பிஸி ஹவரிலும் அதிகாலையிலும் அந்தக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிராஞ்ச் வாரியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. பகலில் இரைச்சல் ஏறினால் இரண்டாவது விளக்கம். ஏறாமல் ஒரு பிராஞ்சின் அழைப்புச் சிக்னல் மட்டும் குறைவாக இருந்தால் முதல் விளக்கம். இன்னும் உறுதியாக வேண்டுமானால், அனுமதி வாங்கிக்கொண்டு பிஸி ஹவரில் அந்த செக்டாரின் 1800 செல்லை ஐந்து நிமிடம் லாக் செய்யுங்கள். 900 இரைச்சல் உடனே இறங்கினால் வாதத்துக்கு இடமில்லை. இங்கிருந்து பார்க்கும் எனக்கு, செக்டார் ஒன்றில் மட்டும், தினமும், லோடோடு சேர்ந்து என்பதால் பிம் பக்கமே மனம் சாய்கிறது. ஆனால் இது ஊகம். அந்தக் கவுண்டரைப் பார்க்காமல் யார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள், என்னையும் சேர்த்து.

வெளியிலிருந்து வரும் தொந்தரவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் 850 பேண்டின் டவுன்லிங்க் 869 முதல் 889 வரை. நம் அப்லிங்க் 890-இல் தொடங்குகிறது. பக்கத்தில் அந்த பேண்டின் ஆன்டெனா நேரெதிரே இருந்தால் இரைச்சல் ஏறும். வீட்டு மாடிகளில் அனுமதியில்லாமல் மாட்டும் பூஸ்டர்களும் அப்படித்தான். ஆனால் இவை பொதுவாக இரண்டு பிராஞ்சையும் சேர்த்தே பாதிக்கும். அதனால் உங்கள் பட்டியலில் இதைக் கீழே போட்டுவிடலாம்.

கான்ஃபிகரேஷனிலேயே தப்பு இருந்து இல்லாத கோளாறுக்கு அலாரம் வருவதும் உண்டு. டவர் மேல் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அதன் கெயின், பொதுவாக 12 டிபி, ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனியாகப் பதிந்திருக்கும். ஒன்றில் 12, மற்றதில் 0 என்று யாரோ டைப் செய்துவிட்டால், மென்பொருள் ஒரு பக்கத்தை மட்டும் சரிக்கட்டி, எப்போதும் 12 டிபி வித்தியாசம் காட்டும். பகல் இரவு பேதம் இருக்காது என்பதால் உங்களுக்கு இது பொருந்தாது, ஆனாலும் ஒரு நிமிட வேலை, பார்த்துவிடுங்கள். அடுத்து, இரண்டு பக்கத்து செக்டார்களில் ஒரே நேரத்தில் இந்த அலாரம் வந்தால் டைவர்சிட்டி ஃபீடர்கள் இடம் மாறிவிட்டன என்று சந்தேகப்படுங்கள். ஆன்டெனா மாற்றிய வாரத்தில் இது அடிக்கடி நடக்கும். அந்த நிலையில் எந்தக் கேபிளும் கெட்டிருக்காது, ஒவ்வொரு செக்டாரும் ஒரு காதைப் பக்கத்து வீட்டில் வைத்திருக்கும், அவ்வளவுதான். “ஆஃப் செய்யலாமா” என்பதற்கும் இங்கேயே பதில்: கட்டடத்துக்குள் ஒற்றை ஆன்டெனா வரிசையோடு ஓடும் செல்லில், இரண்டாவது போர்ட்டில் 50 ஓம் லோடு மட்டும் மாட்டியிருந்தால், ஆஃப் செய்யத்தான் வேண்டும். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த செல்லை ஒற்றை ரிசீவ் பிராஞ்ச் என்று பதியவேண்டும். வெளி சைட்டில் ஆஃப் செய்ய எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. ஒரு பிராஞ்ச் போனால் இரைச்சல் கணக்கில் மட்டுமே 3 டிபி இழப்பு. தூரத்தோடு சிக்னல் தேயும் அடுக்கு 3.5 என்று கொண்டால் அப்லிங்க் எட்டும் தூரம் 18 சதவீதம் குறையும், பரப்பு மூன்றில் ஒரு பங்கு போகும். ஃபேடிங்கால் (சிக்னல் ஏறி இறங்குவதால்) வரும் இழப்பு அதற்கு மேல். நெடுஞ்சாலையில் இரண்டு சைட்டுக்கு நடுவே பேச்சு அறுபடும் இடம் அதுதான்.

உங்கள் செக்டாருக்கு நான் வைக்கக்கூடியது இது. தரநிலை அல்ல, பழக்கம். அலாரம் எழ 8 முதல் 10, அணைய அதைவிட 2 அல்லது 3 குறைவு, சராசரி குறைந்தது ஒரு மணி நேரம், மாதிரி போதாவிட்டால் நிலையை மாற்றாதே என்ற அமைப்பு இருந்தால் அது. 4, 5 டிபி இழக்கும் ஈர ஜம்பரை எந்த த்ரெஷோல்டும் பிடிக்காது, அதற்கு வாராவாரம் இரண்டு பிராஞ்ச் சராசரியையும் எடுத்து ஒரு தாளில் வரைந்து பார்ப்பதுதான் வழி. 3ஜி, 4ஜி செல்களுக்கு இந்த எண்களைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே ஒப்பிடப்படுவது பெரும்பாலும் முழு பேண்டின் மொத்த பவர். 3ஜியில் 3.84 மெகாஹெர்ட்ஸுக்கு வெப்ப இரைச்சலே -108 டிபிஎம், லோடு குறைவான செல்லில் அதுவே எல்லாவற்றையும் மூடிவிடும். ஃபீடர் வெட்டுப்பட்டாலும் ஒரு டிபிகூட அசையாமல் போகலாம்.

சைட்டுக்குப் போகும்போது: செல்லை லாக் செய்து, டிரான்ஸ்மிட் நின்றதை உறுதி செய்து, டவர் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் டிசியையும் அணைத்த பிறகு, கீழே ரேடியோவின் இரண்டு ஜம்பரையும் இடம் மாற்றி மாட்டுங்கள். திரும்ப ஆன் செய்து பிஸி ஹவர் ஒன்றை ஓடவிடுங்கள். அலாரம் பிராஞ்ச் மாறினால் கோளாறு ஜம்பரிலோ அதற்கு மேலேயோ; மாறாவிட்டால் ரேடியோவுக்குள்ளே. மேலே என்றால் சைட் மாஸ்டரை (கேபிளையும் ஆன்டெனாவையும் சோதிக்கும் கருவி) 890–915-இல் ஸ்வீப் செய்யச் சொல்லுங்கள், 935–960-இல் மட்டும் எடுத்த ரிப்போர்ட்டை வாங்காதீர்கள். கனெக்டரைக் கையால் இறுக்கிப் பார்த்தது கணக்கில்லை. 7/16 டின் கனெக்டருக்கு டார்க் ரெஞ்ச்சில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வேண்டும், திறந்து உள்ளே பச்சையோ ஈரமோ இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பிம் என்று தெரிந்தால் ஒவ்வொரு கனெக்டராக லேசாகத் தட்டியபடியே பிம் மீட்டரைப் பார்ப்பதுதான் இன்றும் வேகமான வழி. வேலை முடிந்ததும் அலாரத்தைக் கையால் ரீசெட் செய்து, “கிளியர்” என்று படம் எடுத்து அனுப்பிவிட்டுக் கிளம்புவார்கள். சராசரி அப்போதுதான் பூஜ்யத்திலிருந்து சேர ஆரம்பித்திருக்கும், எந்தச் சைட்டும் அந்த நேரத்தில் கிளியராகத்தான் இருக்கும். மறுநாள் பிஸி ஹவர் தாண்டி இரண்டு பிராஞ்ச் சராசரியையும் பார்த்த பிறகு டிக்கெட்டை மூடுங்கள்.